காய்ச்சலோடு குழப்பமும் வருகிறதா? மூளைக்காய்ச்சலில் காரணம் தெரியும் முன்பே சிகிச்சை தொடங்குவது ஏன்?

"ரெண்டு நாளா காய்ச்சல். இன்னைக்குக் காலையில இருந்து என்னென்னமோ பேசுறார்." மூளைக்காய்ச்சல் நோயாளிகளை அழைத்து வருபவர்கள் மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதையே கிராமத்துப் பெரியவர்கள் 'ஜன்னி கண்டுருச்சு' என்பார்கள். வார்த்தை பழையதாக இருக்கலாம், ஆனால் அவர்கள் கவனித்த விஷயம் மிகச் சரியானது. வெறும் காய்ச்சல் வேறு, காய்ச்சலோடு புத்தி தடுமாறுவது வேறு.

சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. சிலர் மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். சிலர் மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, 'தூங்கி எழுந்தா சரியாயிடும், காலையில பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் குறைவாக இருந்து நடத்தையில் மட்டும் மாற்றம் தெரிந்தால், மனநலப் பிரச்னை என்று நினைத்து அலைபவர்களும் உண்டு. அந்த ஓர் இரவு, சில நோயாளிகளுக்கு வாழ்நாள் முழுவதற்குமான வித்தியாசத்தை உண்டாக்கிவிடும்.

காரணம் இதுதான். தீவிர மூளை அழற்சி என்பது ஒரே நோய் அல்ல. வைரஸ், பாக்டீரியா, அமீபா, உடலின் சொந்த எதிர்ப்பாற்றல் என அதன் பின்னால் பல காரணங்கள் இருக்கின்றன. எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்கச் சில நாட்கள் ஆகலாம். ஆனால் மூளை அத்தனை நாட்கள் காத்திருக்காது. எனவே காரணம் உறுதியாகும் முன்பே, காப்பாற்றக்கூடிய காரணங்கள் அனைத்துக்கும் சேர்த்து மருந்தைத் தொடங்குகிறார்கள் மருத்துவர்கள்.

ஒரே பெயர், இரண்டு நோய்கள்

தமிழில் 'மூளைக்காய்ச்சல்' என்ற சொல்லை இரண்டு நோய்களுக்கும் பயன்படுத்துகிறோம். அதனால் ஏற்படும் குழப்பம் கொஞ்சநஞ்சம் அல்ல.

மூளையைச் சுற்றி மெல்லிய உறைகள் இருக்கின்றன. அவற்றில் அழற்சி ஏற்பட்டால் அது மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளை உறை அழற்சி. தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்து இறுகுவது, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுவது ஆகியவை இதன் அடையாளங்கள். நோயாளி வலியில் துடிப்பார். ஆனால் ஆரம்பத்தில் பெரும்பாலும் தெளிவாகப் பேசுவார்.

அழற்சி மூளையின் திசுவிலேயே ஏற்பட்டால் அது என்செஃபலைட்டிஸ். இதில் முதலில் தடுமாறுவது நினைவும், பேச்சும், நடத்தையும்தான். வீட்டில் இருப்பவர்களின் பெயர் மறந்துபோகும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும், இல்லாத ஒன்றைப் பார்ப்பதாகச் சொல்வார், திடீரென வலிப்பு வரும், அல்லது எழுப்பினாலும் எழாத தூக்கத்தில் கிடப்பார். இரண்டும் கலந்து வருவதும் சகஜம். இந்தக் கட்டுரை பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி.

மண்டை ஓடு விரிந்து கொடுக்காது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். காலில் அடிபட்டால் வீங்குவதற்கு இடமிருக்கிறது. மூளைக்கு அந்த வசதி இல்லை. வீக்கம் கூடக் கூட உள்ளே அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் குறையும், மூச்சையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு நசுங்கும். உயிரிழப்பு பெரும்பாலும் இந்த வழியில்தான் நேர்கிறது.

உதட்டுப் புண் வைரஸ் மூளைக்குள் போனால்

வாய் ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்து, ஒரு வாரத்தில் தானாக ஆறிவிடும் புண்ணைப் பலரும் பார்த்திருப்பார்கள். 'பல்லி எச்சம் பட்டுடுச்சு' என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸின் வேலை. நம்மில் பெரும்பாலானோர் உடலில் இந்த வைரஸ் ஏற்கெனவே குடியிருக்கிறது. முகத்து நரம்பின் முடிச்சு ஒன்றில் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும்.

மிக அரிதாக இதே வைரஸ் மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 2 முதல் 4 பேருக்கு இப்படி நடப்பதாக மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. உதட்டில் புண் வந்த எல்லோரும் பயப்பட வேண்டிய விஷயம் அல்ல இது. ஆனால் வந்துவிட்டால், மூளைக்காய்ச்சல்களிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. காதுக்கு மேலே உள்ள டெம்போரல் பகுதியை இந்த வைரஸ் குறிவைக்கும். நினைவும் மொழியும் உணர்ச்சியும் கையாளப்படும் இடம் அது. அதனால்தான் இந்த நோயாளிகள் சிலரிடம் உடல்நோயை விட மனநோயின் சாயல் முதலில் தெரிகிறது. இல்லாத நாற்றம் அடிப்பதாகச் சொல்பவர்களும் உண்டு.

சிகிச்சை இல்லாவிட்டால் சுமார் 70 விழுக்காட்டினர் இறந்துவிடுவார்கள். 1980-களில் அசைக்ளோவிர் என்ற மருந்து வந்த பிறகு இந்த விகிதம் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடாகக் குறைந்தது. அதுவும் மருந்து எப்போது தொடங்கப்பட்டது என்பதைப் பொறுத்ததுதான். மருத்துவமனையில் சேர்ந்து 2 நாட்களுக்கு மேல் கடந்த பிறகு மருந்து தொடங்கப்பட்டவர்களின் நிலை கணிசமாக மோசமாக இருந்தது என்று பிரான்ஸில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் பரிசோதனை முடிவுகள் வரத் தாமதமானால், சேர்க்கப்பட்ட 6 மணி நேரத்துக்குள் இந்த மருந்தைத் தொடங்கிவிடும்படி பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது.

வேலூரில் அடையாளம் காணப்பட்ட நோய்

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது நம் வேலூரில்தான். 1955-ம் ஆண்டு, அன்றைய மதராஸ் மாநிலத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில். ஜப்பானில் 1870-களிலேயே பதிவான நோய் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி ஆசியாவின் நெல் விளையும் நாடுகள் பலவற்றிலும் இருக்கும் நோய் இது.

நெல் வயலுக்கும் இந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு. வயலில் தேங்கும் நீரில் பெருகும் ஒருவகை கியூலெக்ஸ் கொசுதான் இந்த வைரஸைச் சுமக்கிறது. கொக்கு, நாரை போன்ற நீர்ப் பறவைகளிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளின் உடலில் பன்மடங்கு பெருகிய பிறகு கொசு வழியாக மனிதர்களுக்கும் வருகிறது. மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்குப் பரவாது. எனவே நோயாளியை ஒதுக்கி வைக்கவோ, பக்கத்தில் போகப் பயப்படவோ தேவையில்லை.

வைரஸ் உடலில் நுழைந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எதுவுமே தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் தீவிரமாகிறது. ஆனால் தீவிரமானவர்களில் 30 விழுக்காடு வரை உயிரிழக்கிறார்கள். பிழைத்தவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு நிரந்தர நரம்பு அல்லது மனநலப் பாதிப்பு தங்கிவிடுகிறது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானோர் குழந்தைகள். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. தடுப்பூசி இருக்கிறது என்பதுதான் ஆறுதல்.

விவசாயிகளுக்குப் பழக்கமான 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறைக்கு இங்கே ஒரு வேலை உண்டு. வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும்போது கொசுப் புழுக்கள் முழு வளர்ச்சி அடையும் முன்பே செத்துவிடுகின்றன. தமிழகத்தில் நடந்த கள ஆய்வுகளிலும் இது தெரியவந்திருக்கிறது. தண்ணீர் மிச்சம் என்பதற்காக வந்த முறை, கொசுவையும் குறைக்கிறது.

கொசுவைத் தேடினார்கள், குற்றவாளி உண்ணி

ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பற்றித் தெரிந்துகொண்டதே பல நேரங்களில் கண்ணை மறைத்திருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் இதற்குப் பெரிய உதாரணம். 2005-ல் அந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் மூளைக்காய்ச்சலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பெரிய அளவில் தடுப்பூசி போடப்பட்டது. ஜப்பானிய வைரஸ் குறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் குழந்தைகள் இறப்பது நிற்கவில்லை.

அப்படியானால் மிச்சமிருப்பது என்ன? சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் 2014-ம் ஆண்டுக்குப் பிறகு செய்த ஆய்வுகளில் விடை கிடைத்தது. பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல் தொற்றியதற்கான தடயம் இருந்தது. புதரிலும் புல்வெளியிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒருவகை உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும் பாக்டீரியா நோய் அது.

இந்தக் கண்டுபிடிப்பின் முக்கியத்துவம் என்னவென்றால், ஸ்க்ரப் டைபஸுக்கு மருந்து இருக்கிறது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரண்டுமே விலை மலிவான, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும் மருந்துகள். காய்ச்சல் கட்டத்திலேயே கொடுத்துவிட்டால் நோய் மூளை வரை போகாமல் தடுக்கலாம்.

தமிழகத்திலும் உண்ணிக் காய்ச்சல் நிறையவே இருக்கிறது, குறிப்பாக மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் துணி இறுக்கும் இடம் என மறைவான பகுதிகளில்தான் பெரும்பாலும் இருக்கும். உடல் முழுக்கத் தேடிப் பார்க்காத வரை யார் கண்ணிலும் படாது. எல்லா நோயாளிகளிடமும் இது இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இருந்துவிட்டால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே மாதிரியான திசைமாற்றம் மலேசியாவிலும் நடந்தது. 1998-ல் பேராக், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலால் சரிந்தபோது, ஜப்பானிய வைரஸ்தான் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் குழந்தைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களை, அதுவும் பன்றிகளைத் தொட்டு வேலை செய்தவர்களை மட்டும் நோய் தாக்கியது உறுத்தியது. 1999 மார்ச்சில் அது முற்றிலும் புதிய வைரஸ் என்று தெரிந்தது. சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் இன்று நாம் நிபா என்று அழைக்கும் வைரஸ் அதுதான். அந்தப் பரவலில் மொத்தம் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே நிபா 2018-ல் கேரளாவின் கோழிக்கோட்டை எட்டியபோது ஏற்பட்ட பதற்றம் தமிழக எல்லை வரை பரவியது நினைவிருக்கலாம்.

உடலே மூளையைத் தாக்கும்போது

கிருமியே இல்லாமலும் மூளை அழற்சி வரும். 2007-ல் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, என்.எம்.டி.ஏ. எதிர்ப்பான் மூளை அழற்சி என்ற நோயை விவரித்தது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பான்கள் தடம் மாறி, மூளைச் செல்களின் மேல் இருக்கும் ஏற்பிகளைத் தாக்குகின்றன. இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அவர்களில் சிலருக்குச் சினைப்பையில் உள்ள டெரடோமா என்ற கட்டிதான் இதற்குத் தூண்டுதல்.

நன்றாகப் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருந்த பெண், ஒரு வாரத்தில் தூக்கம் கெட்டு, சந்தேகப்பட்டு, கத்தி, பிறகு பேச்சே நின்று, வாயும் முகமும் தன்னிச்சையாக அசையத் தொடங்கும். நம் ஊரில் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். பேய் ஓட்டுபவரிடமும் மனநல மருத்துவமனையிலும் நாட்கள் கழிந்துவிடும். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் சிகிச்சை கொடுக்கப்பட்ட நோயாளிகளை 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வில், சுமார் 80 விழுக்காட்டினர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தனர். இளவயதில், முன்பு எந்த மனநோயும் இல்லாதவருக்கு, சில நாட்களுக்குள் நடத்தை தலைகீழாக மாறி, கூடவே வலிப்போ காய்ச்சலோ வந்தால், நரம்பியல் மருத்துவர் ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும்.

ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட சிலருக்குச் சில வாரங்கள் கழித்து இதே எதிர்ப்பான் நோய் வருவதும் உண்டு. 'வைரஸ் திரும்ப வந்துடுச்சு' என்று நினைப்பார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை

நினைவு தடுமாறிய நிலையில் ஒருவர் வந்தால், ஸ்கேனுக்கு ஓடும் முன்பு விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பார்கள். ஒரு நிமிட வேலை. அதன் அருமையை பீகார் மாநிலம் முசாபர்பூர் காட்டியது.

அங்கே லிச்சிப் பழம் பழுக்கும் கோடைக்காலத்தில், ஆண்டுதோறும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து, மயங்கி, இறந்துபோனார்கள். 2019-ல் மட்டும் அந்த மாநிலத்தில் நூற்றுக்கும் அதிகமான குழந்தைகள் பலியானார்கள். மூளைக்காய்ச்சல் என்றே எல்லோரும் அழைத்தார்கள். ஆனால் 2014-ல் நடந்து 2017-ல் வெளியான இந்திய-அமெரிக்கக் கூட்டு ஆய்வு வேறு கதை சொன்னது. அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருந்தது. லிச்சியில் இயற்கையாக இருக்கும் ஒரு நச்சு, உடல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கிறது. பழத்தைத் தின்றுவிட்டு இரவு சாப்பிடாமல் தூங்கிய குழந்தைக்கு விடிவதற்குள் மூளைக்கு எரிபொருளே இல்லாமல் போகிறது. வசதியான வீட்டுக் குழந்தையும் அதே லிச்சியைச் சாப்பிடும், ஆனால் இரவு சோறும் சாப்பிட்டிருக்கும்.

இங்கே நடந்தது அழற்சியே அல்ல. உடனடியாகக் குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் பலரைக் காப்பாற்றியிருக்க முடியும்.

முதுகில் ஊசி: பயப்பட வேண்டுமா?

சிகிச்சையைத் தாமதப்படுத்தும் விஷயங்களில் இந்தப் பயத்துக்கு முக்கிய இடம் உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் தெளிந்த நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் அழற்சி இருக்கிறதா, எந்த வகை என்று தெரியும். ஆனால் 'முதுகுத்தண்டுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்' என்று சொல்லி, கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்கள் ஏராளம்.

உடற்கூறைக் கொஞ்சம் பார்த்தால் இந்தப் பயம் குறையும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரை போவதில்லை. இடுப்பு எலும்புகளில் முதல் அல்லது இரண்டாவது எலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எலும்புகளின் இடைவெளிகளில். அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன. எடுக்கும் நீரின் அளவும் சில மில்லி லிட்டர் மட்டுமே. மொத்தம் சுமார் 150 மில்லி இருக்கும் அந்த நீரை உடல் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி வரை புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. சிலருக்கு ஓரிரு நாட்கள் தலைவலி இருக்கலாம். காலை இழந்தவர் என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் பலவற்றில், காலை முடக்கியது ஊசி அல்ல, எந்த நோய்க்காக ஊசி போடப்பட்டதோ அந்த நோய்தான்.

எல்லோருக்கும் உடனே எடுத்துவிடவும் மாட்டார்கள். நினைவு மிகவும் மங்கியிருந்தால், ஒரு பக்கக் கை கால் இழுத்திருந்தால், மூளைக்குள் அழுத்தம் ஏறியதற்கான அறிகுறி இருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தம் உறையும் தன்மை குறைந்திருந்தாலும் தள்ளிப்போடுவார்கள். ஆனால் அந்தக் காத்திருப்பு பரிசோதனைக்கு மட்டும்தான். மருந்துக்குக் காத்திருப்பு கிடையாது.

அந்த நீர் நிறையச் சொல்லும். பாக்டீரியா அல்லது காசநோய் என்றால் அதில் சர்க்கரை குறைந்திருக்கும். வைரஸ் என்றால் பெரும்பாலும் சர்க்கரை இயல்பாகவும், ஒருவகை வெள்ளை அணுக்கள் கூடுதலாகவும் இருக்கும். ஹெர்பிஸ் வைரஸின் மரபணுவை பி.சி.ஆர். சோதனை கண்டுபிடிக்கும். ஜப்பானிய வைரஸுக்கு அதற்கென உள்ள எதிர்ப்பானைத் தேடுவார்கள்.

பி.சி.ஆர். 'நெகட்டிவ்' என்று வந்தால் ஹெர்பிஸ் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. அறிகுறி தொடங்கி முதல் 3 நாட்களுக்குள் எடுத்த நீரில் வைரஸ் பிடிபடாமல் போக வாய்ப்பு உண்டு. சந்தேகம் வலுவாக இருந்தால் சில நாட்கள் கழித்து மீண்டும் எடுப்பார்கள். 'ஒருதடவை எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு?' என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

சி.டி. ஸ்கேன் ஆரம்பத்தில் இயல்பாகவே இருக்கலாம். எம்.ஆர்.ஐ. அதைவிட நுட்பமானது. ஹெர்பிஸின் டெம்போரல் பாதிப்பு அதில்தான் சீக்கிரம் தெரியும். இ.இ.ஜி. எதற்கு என்று பலர் கேட்பார்கள். கை கால் உதறாமல், மூளைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் வலிப்பும் உண்டு. மயக்கம் தெளியாமல் கிடப்பதற்குச் சில நேரம் அதுவே காரணமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

என்ன மருந்து, எத்தனை நாள்?

முதல் சில மணி நேரத்தில் நோயாளிக்கு ஒரே சமயத்தில் பல மருந்துகள் ஓடும். மூச்சுப் பாதையைக் காப்பது, வலிப்பை நிறுத்துவது, சர்க்கரையைச் சரிசெய்வது ஆகியவற்றோடு, பாக்டீரியாவுக்கு எதிராக செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசி, ஹெர்பிஸுக்கு எதிராக அசைக்ளோவிர், நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சலை மனதில் வைத்து டாக்ஸிசைக்ளின். 'என்ன நோய்னே தெரியாம இத்தனை மருந்து ஏத்துறாங்களே' என்று உறவினர்கள் கவலைப்படுவது இயல்பு. முடிவுகள் வர வர, தேவையற்றவை ஒவ்வொன்றாக நிறுத்தப்படும். தொடங்காமல் விட்ட மருந்தின் இழப்பை மட்டும் பிறகு ஈடுகட்ட முடியாது.

ஹெர்பிஸ் உறுதியானால் அசைக்ளோவிர் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாட்கள் வரை ரத்தநாளம் வழியாகவே தர வேண்டும். நோயாளி பத்தாவது நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கலாம். அப்போதும் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றக் கூடாது. வாய் வழியாகச் சாப்பிடும் அசைக்ளோவிர் மூளைக்குப் போதிய அளவு போய்ச் சேராது. 'வீட்டுக்குப் போயிடறோம், மாத்திரையா கொடுங்க' என்று கேட்டு, பாதியில் டிஸ்சார்ஜ் வாங்கிச் செல்வது மிகவும் ஆபத்தானது. இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் டிரிப்ஸ் போதுமான அளவு ஏற்றி, அவ்வப்போது கிரியாட்டினின் பார்த்துக்கொள்வார்கள்.

தீவிர உண்ணிக் காய்ச்சலுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தநாளம் வழியாகக் கொடுத்தால், தனித்தனியாகக் கொடுப்பதை விடச் சிக்கல்கள் சீக்கிரம் தணிகின்றன என்று அது காட்டியது. உயிரிழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

உடலின் சொந்த எதிர்ப்பாற்றலால் வந்த அழற்சி என்றால் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று ஆகியவை. கட்டி இருந்தால் அதையும் அகற்ற வேண்டும். ஜப்பானிய வைரஸுக்கு நேரடி மருந்து இல்லை என்றாலும், மூளை அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, வலிப்பை அடக்கி, நோயாளியைத் தாங்கிப் பிடித்தால் பலர் மீள்கிறார்கள்.

வெறிநாய்க்கடி ஒன்று மட்டும் விதிவிலக்கு. ரேபிஸ் மூளைக்குள் போய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கடித்த உடனே 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவுவதும், தடுப்பூசியை முழுத் தவணையாகப் போடுவதும்தான் அதற்கான சிகிச்சை.

'உடம்பு தேறிடுச்சு, ஆனா ஆளே மாறிட்டார்'

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கும் அத்தியாயத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நடக்கிறார், சாப்பிடுகிறார், வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் காலையில் சொன்னது மாலையில் நினைவிருக்காது. சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம் வரும். பழைய வேலையைப் பத்து நிமிடம் தொடர்ந்து செய்ய முடியாது. வகுப்பில் முதலாவதாக வந்த குழந்தை பின்தங்கும். 'சோம்பேறித்தனம்', 'நடிக்கிறான்' என்ற பேச்சுகள் வீட்டிலேயே கிளம்பும்.

இவை எல்லாம் மூளை பட்ட காயத்தின் விளைவுகள். நினைவுப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, தேவைப்பட்டால் மனநல ஆலோசனை ஆகியவற்றைத் தொடங்கத் தாமதிக்கக் கூடாது. முன்னேற்றம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். வலிப்பு மருந்தை 'இப்பதான் நல்லா இருக்காரே' என்று தாங்களாகவே நிறுத்துவது, மீண்டும் ஐ.சி.யூ. வாசலுக்குக் கொண்டுபோய்விடும் வழி.

வீட்டில் என்ன செய்யலாம், என்ன கூடாது?

காய்ச்சல் உள்ளவருக்கு இடம், நாள், ஆள் தெரியாமல் போனால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால், பேச்சு குழறினால், கை கால் இழுத்தால் 108-ஐ அழைக்க வேண்டும். இரவு இரண்டு மணி என்றாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தைகள் குழப்பத்தை வார்த்தையில் சொல்லாது. பால் குடிக்காமல் இருப்பது, ஓயாமல் வித்தியாசமான குரலில் அழுவது, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அதனால் வலிப்பு நிற்பதில்லை, கையில் காயம் ஏற்படுவதுதான் மிச்சம். வாயில் ஸ்பூன் திணிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் மூச்சை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, நோய் அபாயம் உள்ள மாவட்டங்களில் குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதங்களுக்குள் ஒன்று என இலவசமாகப் போடப்படுகிறது. தமிழகத்தில் கடலூர், விழுப்புரம், மதுரை உள்ளிட்டவை இதில் அடங்கும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் ஊசிதான், ஏனெனில் தட்டம்மை மூளையைத் தாக்குவது உண்டு, சிலருக்கு நோய் வந்து பல ஆண்டுகள் கழித்தும்கூட. தேங்கிய குளம் குட்டைகளில் குதித்துக் குளிக்கும்போது மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது, மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளச் செய்திகளில் அடிபடும் அரிய தொற்றுக்கான பாதுகாப்பு.

மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் தயாராக வைத்திருக்க வேண்டிய தகவல்களும் உண்டு. காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது, குழப்பம் எப்போது தெரிந்தது, கடந்த மாதம் வெளியூர் அல்லது காட்டுப் பகுதிக்குப் போனாரா, குளத்தில் குளித்தாரா, பல மாதங்களுக்கு முன்பாவது நாய் கடித்ததா, வீட்டுக்கு அருகே பன்றி வளர்ப்பு உண்டா, உடலில் எங்காவது கருப்புப் பொருக்கு இருக்கிறதா, ஏற்கெனவே என்னென்ன மருந்து சாப்பிட்டார் ஆகியவை. மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. நினைவிழந்தவர் இவற்றில் எதையும் சொல்ல முடியாது. உடன் வந்தவர் சொல்லும் தகவலை வைத்துத்தான் முதல் மருந்துகள் எவை என்று மருத்துவர் முடிவு செய்கிறார்.